வாரம் 40 பவுண்டு வாங்கிய தடுப்பாட்டக்காரர்

கேள்வி இதுதான்: "ஜே டிமெரிட் என்ற அமெரிக்க டிஃபெண்டர் இங்கிலாந்தில் வாரம் 40 பவுண்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவர், பிறகு உலகக் கோப்பையில் இங்கிலாந்து நட்சத்திரம் ரூனியைத் தடுத்தார் என்று படித்தேன். உண்மையா, ஊதிப் பெருக்கிய கதையா? அவர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரரா?"

உண்மைதான். காசுக் கணக்கும் தேதிக் கணக்கும் ஒத்துப்போகின்றன. ஆனால் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்லும் விதத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. விடாமுயற்சி இருந்தால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். டிமெரிட்டிடம் விடாமுயற்சி ஏராளமாக இருந்தது, சரி. அதே அளவு விடாமுயற்சி உள்ளவர்கள் எத்தனையோ பேர் இன்றும் ஏதோ ஒரு சேற்று மைதானத்தில் சனிக்கிழமைதோறும் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். இவரிடம் கூடுதலாக ஒரு டென்மார்க் தாத்தா இருந்தார். அதிலிருந்து தொடங்கினால்தான் கதை புரியும்.

அதற்கு முன் ஊர். 1979 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் பிறந்தவர். அமெரிக்கக் கால்பந்து என்றால் அங்கே வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. கிரீன் பே பேக்கர்ஸ் அணிதான் அந்த ஊரின் மதம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து நம்முடைய கால்பந்துக்கு ஒருவர் வருவதே அபூர்வம். பள்ளியில் கோல் அடிக்கிற ஃபார்வர்டாக இருந்தவரை, சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழக அணியில்தான் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முன்களத்தில் ஆடியவன் பின்னுக்கு வந்தால் எதிரணி ஃபார்வர்டு எங்கே ஓடப்போகிறான் என்பது அவனுக்கு முன்னமே தெரியும். கார்னர் வரும்போது எதிரணிக் கோல் முன்னால் போய் நிற்கிற பழக்கமும் போகாது. பின்னால் கார்டிஃப் நகரில் அந்தப் பழக்கம் பெரிய வேலை செய்தது.

படிப்பை முடித்த நேரம் மிக மோசமான நேரம். அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக் அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 2001 சீசன் முடிந்ததும் டாம்பா பே, மயாமி என்ற இரண்டு அணிகளையும் மூடிவிட்டார்கள். பன்னிரண்டு அணிகள் பத்தாகின. மூடிய அணிகளின் வீரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டபின், கல்லூரியிலிருந்து வருகிற பையன்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் டிமெரிட் பெயரை யாரும் கூப்பிடவில்லை. சிகாகோவில் அமெச்சூர் அளவிலான ஓர் அணியில் ஆடிக்கொண்டு, மதுக்கடையில் வேலை பார்த்தார்.

2003இல் கையில் 1,800 டாலரும் முதுகில் ஒரு பையுமாக லண்டனுக்கு விமானம் ஏறினார். இங்கேதான் தாத்தா வருகிறார். அன்றைய இங்கிலாந்து விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால், முந்தைய இரண்டு வருடங்களில் தன் தேசிய அணி ஆடிய முக்கியப் போட்டிகளில் 75 சதவீதத்தில் அவர் ஆடியிருக்க வேண்டும். சர்வதேச நட்சத்திரங்களுக்காக எழுதிய விதி அது. டிராஃப்டிலேயே தேர்வாகாத பையன் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. டென்மார்க் வம்சாவளி மூலம் கிடைத்த ஐரோப்பியத் தகுதி அந்த விதியையே இல்லாமல் செய்துவிட்டது. பல வெளிநாட்டு வீரர்கள் வாசலில் நின்று திரும்பிப் போன இடத்தில் இவர் நேராக உள்ளே நடந்தார். திறமையெல்லாம் அதற்கப்புறம்தான்.

நண்பர் ஒருவரின் அம்மா வீட்டுக் கூரையடி அறையில் தங்கல். கிளப்பு கிளப்பாகப் போய்ச் சோதனை ஆட்டம் கேட்டார். கடைசியில் இடம் கொடுத்தது மேற்கு லண்டனின் சவுத்தால். பஞ்சாபிகள் நிறைந்த பகுதி என்று நம்மில் பலருக்குத் தெரிந்த அதே சவுத்தால்தான். அந்த அணி இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாவது அடுக்கில் இருந்தது. பிரீமியர் லீக்கை ஒன்று என்று வைத்து எட்டுப் படி இறங்கிப் பாருங்கள். அந்த உயரத்தில், மன்னிக்கவும், அந்தப் பள்ளத்தில் ஆடுகிறவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பார்கள், வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சிக்கு வருவார்கள். டிமெரிட்டுக்குக் கிடைத்தது வாரம் 40 பவுண்டு. லண்டனில் அது போக்குவரத்துச் செலவுக்கே இழுபறி.

2004 கோடையில் நார்த்வுட் என்ற ஏழாம் அடுக்கு அணி, சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஆட இவரை அழைத்தது. அந்த ஆட்டங்களில் ஒன்று வாட்ஃபோர்டுக்கு எதிராக. வாட்ஃபோர்டு இரண்டாம் அடுக்கு அணி. இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும். பெரிய அணி கால் நீட்டிப் பார்க்கும், சின்ன அணிக்கு டிக்கெட் காசு தேறும், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று வாட்ஃபோர்டு மேலாளர் ரே லூயிங்டன் கண்ணில் நார்த்வுட்டின் சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பில் நின்ற டிமெரிட், பட்டார். சோதனைக்கு வரச் சொன்னார். அப்புறம் ஒரு வருட ஒப்பந்தம்.

இங்கிலாந்து ஃபார்வர்டு ஜேமி வார்டியை எல்லாருக்கும் தெரியும். வார்டியும் கீழ் அடுக்குகளிலிருந்து வந்தவர்தான். ஆனால் அவர் படிப்படியாக ஏறினார், ஒவ்வொரு படியிலும் கோல் எண்ணிக்கை அவருக்காகப் பேசியது. டிஃபெண்டருக்கு அப்படி எண்ணிக் காட்ட ஒன்றுமில்லை. ஒன்பதாம் அடுக்கில் ஒருவன் அருமையாகத் தடுத்தான் என்றால், எதிரில் ஆடியவன் மோசம் என்றுதான் சொல்வார்கள். மேல் அடுக்கு ஃபார்வர்டுக்கு எதிராக நிறுத்திப் பார்க்கும் வரை டிஃபெண்டரை அளக்கவே முடியாது. டிமெரிட் தேடிப் போனது அந்த ஒரே ஒரு ஆட்டத்தை. அது கிடைத்த அன்று அவர் தயாராக இருந்தார். முயற்சியைப் பாராட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில்தான் பாராட்ட வேண்டும்.

2005 மார்ச்சில் வாட்ஃபோர்டு லூயிங்டனை நீக்கிவிட்டு எய்டி பூத்ராய்டைக் கொண்டுவந்தது. முப்பத்து நான்கு வயது மேலாளர். அவருடைய ஆட்டம் எளிமை: பந்தை நீளமாக அடி, வேகமாகத் துரத்து, கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் பொன்போலப் பயன்படுத்து. கலாரசிகர்களுக்குப் பிடிக்காத பாணி. டிமெரிட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவருக்குக் காலில் நளினம் கிடையாது. முப்பது மீட்டர் தூரத்துக்கு ஊசி கோர்த்த மாதிரி பாஸ் கொடுக்கிற சென்டர் பேக் அல்ல அவர். ஆறடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், அந்த வேலைக்கு அதுவும் பெரிய உயரமில்லை. ஆனால் குதிக்கும் நேரம் துல்லியம், தலையை வைக்கப் பயமில்லை, பந்துக்கு முன்னால் உடம்பைப் போடத் தயங்கியதே இல்லை. மேலாளர் மாறும்போது பாதி வீரர்களின் தலையெழுத்து மாறும். இவருக்கு நல்லபடியாக மாறியது.

2005-06 சீசன் தொடங்கும்போது அந்த அணி கீழ் அடுக்குக்குத் தள்ளப்படும் என்று ஆரூடம் சொன்னவர்கள் நிறைய. மூன்றாவதாக முடித்தார்கள். பிளே ஆஃப் அரையிறுதியில் கிரிஸ்டல் பேலஸை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று அடித்தார்கள். 2006 மே 21, கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியம், எதிரில் லீட்ஸ் யுனைடெட், 64,000க்கும் அதிகமான கூட்டம். ஜெயித்தால் பிரீமியர் லீக். தொலைக்காட்சிப் பணமே நான்கு கோடி பவுண்டு அளவில் பேசப்பட்ட ஆட்டம். முதல் பாதியில் ஆஷ்லி யங் கார்னர் அடித்தார். கூட்டத்துக்குள் ஓடிவந்து தலையால் முட்டி வலைக்குள் தள்ளியவர் டிமெரிட். 1-0. பிறகு லீட்ஸ் கோல்கீப்பர் நீல் சல்லிவன் மேல் பட்டு இரண்டாவது போனது. டேரியஸ் ஹெண்டர்சனின் பெனால்டி மூன்றாவது. ஆட்ட நாயகன் விருதும் டிமெரிட்டுக்குத்தான். நார்த்வுட் சட்டையில் அந்தப் பயிற்சி ஆட்டம் ஆடி இரண்டு வருடம்கூட நிரம்பவில்லை.

பிரீமியர் லீக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஃபோர்டு 28 புள்ளிகளோடு கடைசியாக முடித்து ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. சீசன் நடுவிலேயே ஆஷ்லி யங்கை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றுவிட்டார்கள். எஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை போய் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-1 என்று தோற்றார்கள், அதுதான் ஆறுதல். ஆனால் டிமெரிட் அங்கேயே தங்கினார், பின்னால் கேப்டனும் ஆனார்.

தேசிய அணி தாமதமாகத்தான் அழைத்தது. 2007 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃப்ரிஸ்கோவில் குவாத்தமாலாவுக்கு எதிராக, இருபத்தேழு வயதில், முதல் ஆட்டம். 0-0. பயிற்சியாளர் பாப் பிராட்லி அவரை மாற்று வீரராகத்தான் வைத்திருந்தார். முதல் வரிசை ஒகுச்சி ஒன்யேவு, கார்லோஸ் பொக்கனெக்ரா.

கண்டச் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை 2009இல் தென்னாப்பிரிக்காவில். பொக்கனெக்ராவுக்குக் காயம். டிமெரிட் உள்ளே. இத்தாலியிடம் 3-1, பிரேசிலிடம் 3-0 என்று தோற்று, எகிப்தை 3-0 என்று ஜெயித்து, கோல் கணக்கில் இத்தாலியை முந்தி எப்படியோ அரையிறுதிக்கு ஒட்டிக்கொண்டது அமெரிக்கா. எதிரில் ஸ்பெயின்: ஐரோப்பிய சாம்பியன், முப்பத்தைந்து ஆட்டங்களாகத் தோற்காத அணி, அதில் கடைசிப் பதினைந்தும் தொடர் வெற்றி. டோரஸ், வில்லா, ஷாவி, ஃபாப்ரிகாஸ். இந்திய நேரம் நள்ளிரவில் தொடங்கிய அந்த ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தபோது எத்தனை கோல் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. அல்டிடோர் ஒன்று, டெம்ப்சி ஒன்று. 2-0, அமெரிக்காவுக்கு.

டிமெரிட் நல்ல ஆட்டக்காரரா என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்கு என் பதில் இந்த ஆட்டம். ஸ்பெயின் பந்தை வைத்துக்கொண்டு நெய்தது, பாஸ் பாஸாக. இவரும் ஒன்யேவும் பெட்டிக்குள் பின்வாங்கி, இடைவெளியைக் குறுக்கி, வெளியே இழுக்கப் பார்த்தபோது போகாமல் நின்றார்கள். அடிக்கிற பந்தெல்லாம் யாராவது ஒருவர் காலிலோ தொடையிலோ பட்டது. மீதியை கோல்கீப்பர் டிம் ஹாவர்ட் பார்த்துக்கொண்டார். அழகான ஆட்டம் அல்ல. நாட்டுப்புறத்தில் கரை உடையும்போது மண் மூட்டை அடுக்குவார்களே, அந்த மாதிரி. இறுதிப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராக இடைவேளையில் 2-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் மூன்று வாங்கித் தோற்றார்கள். அலை அலையாக வந்துகொண்டே இருந்தால் மண் மூட்டைக்கும் ஓர் எல்லை உண்டு.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்ததுதான் எனக்கு ஒன்பதாம் அடுக்குக் கதையைவிட நம்ப முடியாதது. கண்ணில் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றும்போது கீறல் விழுந்தது. அது தொற்றாகிப் பார்வையையே தின்னத் தொடங்கியது. கடைசியில் விழிவெண்படல மாற்று அறுவை சிகிச்சை. அதாவது இறந்த ஒருவர் தானம் செய்த கண்ணின் பகுதி. தலையால் பந்து முட்டுவதே பிழைப்பாக உள்ள ஒருவருக்கு, புதிதாகத் தைத்த கண். தூரத்திலிருந்து உயரமாக வரும் பந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்க இரண்டு கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். அது இல்லையென்றால் சென்டர் பேக் வேலையே இல்லை. உலகக் கோப்பைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரம். இருந்தும் அதே சீசனில் ஆடத் திரும்பிவந்தார். தாத்தாவையும் மேலாளரையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிய நான், இதை அப்படி எழுத மாட்டேன்.

இப்போது ரூனி. 2010 ஜூன் 12, தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை, ருஸ்டன்பர்க் நகரம். இங்கிலாந்து ரூனியையும் ஹெஸ்கியையும் முன்னால் நிறுத்தியது. நான்காவது நிமிடமே ஜெரார்டு கோல் அடித்தார். நடுக்களத்திலிருந்து ஓடிவந்தவரை யாரும் பிடிக்கவில்லை. டெம்ப்சி அடித்த சாதாரணப் பந்து இங்கிலாந்து கோல்கீப்பர் ராபர்ட் கிரீன் கையிலிருந்து நழுவி வலைக்குள் உருண்டது. 1-1. ரூனியை டிமெரிட் பெரும்பாலும் அடக்கியே வைத்திருந்தார் என்பது சரிதான். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ரூனி அந்த உலகக் கோப்பையில் யாருக்கு எதிராகவும் கோல் அடிக்கவில்லை, நான்கு ஆட்டத்திலும். முழுப் பெருமையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் அது ஊதல். நீங்கள் கேட்ட "ஊதிப் பெருக்கிய" பகுதி இருக்குமானால் அது இவ்வளவுதான்.

ஸ்லோவேனியாவிடம் இடைவேளையில் 2-0 பின்தங்கி 2-2 என்று மீண்டார்கள். மோரிஸ் எடு அடித்த மூன்றாவது கோலை நடுவர் ஏன் ரத்து செய்தார் என்று இன்றும் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு ஒன்யேவை உட்கார வைத்துவிட்டு பொக்கனெக்ராவை நடுவுக்குக் கொண்டுவந்தார் பிராட்லி. துணை மாறினார், டிமெரிட் மாறவில்லை. அல்ஜீரியாவின் ஜெப்பூர் ஆரம்பத்திலேயே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால், தொண்ணூறு நிமிடம் தாண்டியபின் டொனோவன் அடித்து ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்த கோலைப் பற்றி இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அடுத்து கானா. நீளமாக வந்த பந்தை மார்பில் வாங்கி, பொக்கனெக்ராவையும் டிமெரிட்டையும் மீறி அசமோவா ஜியான் இடது காலால் வெளுத்தார். 2-1, வீட்டுக்கு டிக்கெட். வேகமான, பலமான ஃபார்வர்டு திறந்த வெளியில் ஓடினால் டிமெரிட் திணறுவார் என்பது முன்பே தெரிந்ததுதான். அந்த ஒரு நொடியில் அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் நான்கு ஆட்டங்களிலும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை களத்தில் இருந்தார்.

அதன் பிறகு கதை சீக்கிரம் முடிகிறது. வாட்ஃபோர்டு ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிந்தது. 2010 நவம்பரில் கனடாவின் வான்கூவர் வைட்கேப்ஸ், எம்எல்எஸ்ஸில் நுழையவிருந்த அணி, தன் முதல் ஒப்பந்த வீரராக இவரை எடுத்துக் கேப்டனாக்கியது. தன்னை வேண்டாம் என்ற லீக்குக்குப் பத்து வருடம் கழித்து முன்வாசல் வழியாக வந்தார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். முதல் வருடம் அணி கடைசி. 2012இல் பிளே ஆஃபுக்குத் தகுதி பெற்றது. அதுவரை எந்தக் கனடா அணியும் அந்த லீக்கில் அதைச் செய்திருக்கவில்லை. 2013 சீசனின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. 2014 ஜூலையில், முப்பத்து நான்கு வயதில், ஓய்வை அறிவித்தார். தேசிய அணிக்கு மொத்தம் 25 ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ கிராஸ் தங்கம் வென்ற ஆஷ்லி மெக்கைவரைத் திருமணம் செய்துகொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். இளம் வீரர்களுக்கு முகாமும் நடத்தினார்.

அமெரிக்காவின் சிறந்த டிஃபெண்டர்கள் பட்டியலில் இவரை எங்கே வைப்பேன்? ஹனோவரில் பதினைந்து சீசன் ஆடிய ஸ்டீவ் செருண்டலோவுக்குப் பின்னால், பொக்கனெக்ராவுக்கும் பின்னால். இரண்டு பேருமே இவரைவிட முழுமையான ஆட்டக்காரர்கள். ஆனால் ஒரு கோல் முன்னிலையில் கடைசிப் பத்து நிமிடம், எதிரணி பெட்டிக்குள் பந்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் நான் கூப்பிடுவது டிமெரிட்டைத்தான்.

இன்று ஓர் அமெரிக்கப் பையன் இதே வழியில் போக முடியுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். முடியாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல் டென்மார்க்காரரும் பிரேசில்காரரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். புள்ளிக் கணக்குப் பார்த்துத்தான் அனுமதி. ஒன்பதாம் அடுக்கு கிளப் எதுவும் அதற்கு விண்ணப்பமே போட முடியாது. தாத்தா டென்மார்க்காரராக இருந்தால் கோபன்ஹேகனுக்குப் போய் முயன்று பார்க்கலாம். சவுத்தாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.